வாசகர் கேள்வி–பதில்: சிச்சி-கோ-சான் (‘ஏழு-ஐந்து-மூன்று’: அந்த வயதுக் குழந்தைகள் நலமாக வளர வேண்டிக் கோயிலுக்குப் போகும் ஜப்பானியச் சடங்கு)

கேள்வி: யோகோஹாமாவில் வசிக்கிறோம். மகளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது; அவள் அண்ணனுக்கு நான்கு. நவம்பர் 15 அன்றுதான் சிச்சி-கோ-சானுக்குக் கோயிலுக்குப் போக வேண்டுமா? இருவருக்கும் சேர்த்தே செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். பெண்ணுக்கு மூன்றும் ஏழும், பையனுக்கு ஐந்தும் கணக்கு. பிறந்த ஆண்டையே ஒன்று என்று எண்ணும் பழைய முறைப்படி, இந்த ஆண்டு நான்கு முடித்தவனுக்கு வயது ஐந்து. தேதியும் கட்டாயமில்லை. வடக்கே உள்ள ஹொக்கைடோ தீவில் குளிரை உத்தேசித்து ஒரு மாதம் முன்பே, அக்டோபரில் முடித்துவிடுகிறார்கள். நவம்பர் நடுவில் வரும் சனி, ஞாயிறுகளில் கூட்டம் நெரியும். வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.

கேள்வி: கிமோனோவை நாங்களே உடுத்திவிட முடியுமா?

பதில்: மூன்று வயதுக்கு முடியும். இடுப்பில் ஓபி என்னும் அகலப் பட்டையை இறுக்க வேண்டியதில்லை; மேலே ஹிஃபு என்னும் கையில்லாத பஞ்சு மேலங்கி வந்துவிடும். முதலில் உள்ளாடையான ஜுபான், பிறகு கிமோனோ. குழந்தையின் இடப்பக்கம்தான் மேலே வர வேண்டும். மாற்றிப் போட்டால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. படம் எடுத்த பிறகு கண்ணில் பட்டால் மனசு கஷ்டப்படும். கைநுனி மணிக்கட்டிலும், கீழ்ஓரம் கணுக்காலிலும் நிற்க வேண்டும். நீளமாக இருந்தால் வெட்டாதீர்கள். தோளிலும் இடுப்பிலும் மடித்துத் தையுங்கள். குழந்தை வளர்ந்ததும் பிரித்துவிடலாம்; வளர வளர இடம் கொடுக்கும் இந்தத் தையல்தான் குழந்தைக் கிமோனோவின் அழகே.

அன்றைக்கு அழுகை வருவது பெரும்பாலும் செருப்பால்தான். கிமோனோவோடு போடும் ஸோரி என்னும் செருப்பின் வார் விரலிடுக்கில் உரசிக் கொப்புளம் வரும். சில நாள் முன்பிருந்தே வீட்டுக்குள் போட்டு நடக்கவிடுங்கள். கோயில் வாசல்வரை சாதாரண ஷூவே போதும். கழிப்பறைக்கு அழைத்துப் போகும்போது கிமோனோவின் கீழ்ப்பகுதியைத் தூக்கிக் கழுத்துப்பட்டையோடு துணி கிளிப்பால் பிடித்துவிடுங்கள்.

சிதோசே அமே என்ற நீள மிட்டாயை உடை மாற்றிய பிறகே கொடுங்கள். பட்டில் ஒட்டினால் போகாது. நீளக் குச்சியை வாயில் வைத்துக்கொண்டு நடந்தால் தொண்டையில் குத்தும். துணியில் சுற்றித் தட்டி, சிறு துண்டாக்குங்கள்.

கேள்வி: காணிக்கை எவ்வளவு?

பதில்: ஷிண்டோ கோயிலில் ஒரு குழந்தைக்குப் பொதுவாக 5,000 முதல் 10,000 யென். சிவப்பு–வெள்ளைக் கயிறு வண்ணத்துப்பூச்சி முடிச்சாகப் போட்ட உறையில் புது நோட்டாக வையுங்கள். உறையின் மேலே ‘ஹட்சுஹோர்யோ’ (கோயில் காணிக்கை) என்றும், கீழே குழந்தையின் பெயரும் எழுதுங்கள். அவிழாத முடிச்சுள்ள உறை திருமணத்துக்கானது. கடையில் பார்த்து வாங்குங்கள். இரண்டு குழந்தைக்குத் தொகை கோயிலுக்குக் கோயில் மாறும். பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.