கண் எங்கே போனது என்று சொல்லுங்கள்

கேள்வி: பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் எட்டுப் பேர் மாதம் ஒரு முறை கூடி, எடுத்த படங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறோம். யாருக்கும் இது தொழில் இல்லை. எதைக் காட்டினாலும் பெரும்பாலோர் ‘அருமை’ என்கிறார்கள். மூத்தவர் ஒருவர் மட்டும் ‘இதெல்லாம் படமே இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். இரண்டிலும் எனக்கு எதுவும் கிடைப்பதில்லை. சில மாதங்களுக்கு முன் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சூரியன் மறையும் காட்சியைப் படம் எடுத்து வந்து காட்டினார். மனத்தில் பட்டதை மறைக்கக் கூடாது என்று நினைத்து, ‘இந்த மாதிரி ஆயிரம் படம் பார்த்தாயிற்று’ என்றேன். அதன்பிறகு அவர் வரவே இல்லை. விமர்சனமே வேண்டாம், ரசித்துவிட்டுப் போவோம் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். அதுதான் சரியா? அம்மா ஊசியில் நூல் கோக்கும் என் படம் ஒன்றை இணைத்திருக்கிறேன். 50 எம்.எம். லென்ஸ், எஃப்/1.8, 1/250 நொடி, ஐஎஸ்ஓ 400. ‘கை ஆடிவிட்டது, டிரைபாட் வாங்குங்கள்’ என்றார் ஒருவர். மற்றவர்கள் ‘அம்மா அழகு’ என்றார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

விமர்சனத்தை நிறுத்திவிடாதீர்கள். சொல்லப்போனால் உங்கள் குழுவில் அது இன்னும் தொடங்கவே இல்லை. ‘அருமை’ என்பவர் உங்கள்மேல் உள்ள பிரியத்தைச் சொல்கிறார். ‘படமே இல்லை’ என்பவர் தம் அனுபவத்தை நினைவூட்டுகிறார். மேசைமேல் கிடக்கும் படத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. முதலில் உங்கள் படத்தையே எடுத்துக்கொள்கிறேன். எப்படிப் பேசலாம் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

படத்தைத் திறந்ததும் என் கண் முதலில் போனது அம்மாவிடம் இல்லை, வலது ஓரத்தில் வெயில் பட்டு வெளிறிப்போயிருக்கும் கதவு நிலைக்குத்தான். படத்திலேயே மிகப் பிரகாசமான இடம் அது. பளிச்சென்று இருப்பதைத் தேடித்தான் கண் முதலில் ஓடும். அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்து திரும்பியபோதுதான் கைகளைக் கண்டேன். ஊசியைப் பிடித்திருக்கும் கட்டைவிரல் நகம் அழுத்தத்தில் வெளுத்திருக்கிறது. நூலின் நுனி ஈரப்படுத்திக் கூராக்கப்பட்டிருக்கிறது. கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கிவிட்டது. ஒரு கண் இடுங்கியிருக்கிறது. கீழுதடு உள்ளே மடிந்திருக்கிறது. நூல் இன்னும் ஊசியின் காதுக்குள் நுழையவில்லை. நுழையப்போகும் அந்த நொடியைப் பிடித்திருக்கிறீர்கள், மூச்சை அடக்கிக்கொண்டு நானும் காத்திருந்தேன். இந்தப் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இனி டிரைபாட் விஷயம். படம் மங்கலாகிவிட்டால் கை ஆடியது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் மங்கலுக்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் உண்டு. மூன்றும் படத்தில் வெவ்வேறு தடயங்களை விட்டுச்செல்கின்றன. கேமரா அசைந்திருந்தால் படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். எடுக்கப்படும் பொருள் அசைந்திருந்தால் அது மட்டும் இழுபட்டு, பின்னணி தெளிவாக நிற்கும். ஃபோகஸ் தவறியிருந்தால் எதுவும் இழுபட்டிருக்காது. வேண்டிய இடம் கரைந்திருக்க, அதற்கு முன்னாலோ பின்னாலோ வேறொன்று கூர்மையாக இருக்கும். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணாடிச் சட்டத்தில் உள்ள சிறு கீறல்கூடத் தெரிகிறது. விரல்களும் ஊசியும்தான் கரைந்திருக்கின்றன. கேமரா கண்ணாடியில் ஃபோகஸ் செய்துவிட்டது; கைகளோ அதற்கு முன்னால் ஒரு சாண் தள்ளி இருக்கின்றன. 1/250 நொடியில் 50 எம்.எம். லென்ஸுக்குக் கை நடுக்கம் பெரும்பாலும் பதிவாகாது. நண்பர் பேச்சைக் கேட்டு டிரைபாட் வாங்கியிருந்தால், அதன்மேல் வைத்து எடுத்த படத்திலும் ஊசி மங்கலாகவே இருந்திருக்கும்.

நீங்கள் எடுத்தது ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரத்திலிருந்து என்று தோன்றுகிறது. அந்தத் தூரத்தில், லென்ஸின் துளை அகலமாகத் திறந்திருக்கும் எஃப்/1.8-இல் தெளிவாக விழும் ஆழம் மூன்று நான்கு சென்டிமீட்டர்தான். துளையைச் சுருக்கி எஃப்/4-க்குப் போனால், கேமராவின் சென்சார் அளவைப் பொறுத்து ஆறு முதல் பத்து சென்டிமீட்டர்வரை கிடைக்கும். அப்போதும் முகம், ஊசி இரண்டும் முழுத் தெளிவாக அமையாது. எனவே எது முக்கியம் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் ஊசியின் காது என்பேன். அதே வெளிச்சத்தில், அதே ஷட்டர் வேகத்தில் எஃப்/4 வைக்க, ஒளியுணர்வின் அளவான ஐஎஸ்ஓவை 2000-க்கு உயர்த்த வேண்டியிருக்கும். கொஞ்சம் புள்ளிகள் தெரியும், தெரியட்டும். நாற்காலியை அரை அடி நகர்த்தினால் கதவு நிலையும் வெளியே போய்விடும்.

ஆனால் அது வெளியே போகத்தான் வேண்டுமா? வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று காட்டுவதற்காகவே நீங்கள் அதை விட்டுவைத்திருக்கலாம். அப்படியென்றால் என் கருத்தைத் தள்ளிவிடும் உரிமை உங்களுக்கு உண்டு. ஓரத்தில் இருக்கும் சின்னப் பொருள் பெரியவர்களையும் சண்டைக்கு இழுத்திருக்கிறது. 1936-இல் கலிஃபோர்னியாவில் அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங் எடுத்த, ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று பெயர்பெற்ற படத்தில், வலது கீழ் மூலையில் கூடாரக் கம்பத்தைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் விழுந்திருந்தது. லாங்கை அது உறுத்திக்கொண்டே இருந்ததால் பிற்பாடு நெகட்டிவிலேயே அதை மங்கச் செய்தார். அவர் வேலை பார்த்த அரசுப் புகைப்படப் பிரிவின் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. ஆவணப் படத்தில் அப்படிக் கைவைப்பதை அவர் ஏற்கவில்லை. இருவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கடைசியில் முடிவெடுத்தது படம் எடுத்தவர்தான். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

மேலே நான் செய்ததைக் கொஞ்சம் கவனியுங்கள். நல்லது, கெட்டது என்று எதையும் சொல்வதற்கு முன் என் கண் எங்கே போனது, எங்கே நின்றது, எதைக் கண்டது என்று சொன்னேன். ஒரு விமர்சகர் உங்களுக்குத் தரக்கூடியவற்றில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான், ஏனென்றால் இதை மட்டும் உங்களால் தனியாகப் பெறவே முடியாது. படம் எடுத்தபோது நீங்கள் அங்கே இருந்தீர்கள். அம்மாவின் குரல், அறையின் வெதுவெதுப்பு எல்லாம் உங்கள் நினைவில் இருக்கிறது. படத்தைப் பார்க்கும்போது அவற்றையும் சேர்த்தே பார்க்கிறீர்கள். ஃபிரேமுக்குள் வந்து சேர்ந்தது எவ்வளவு என்பது அங்கே இல்லாத இன்னொருவருக்குத்தான் தெரியும்.

எனவே கூட்டத்தில் ஒரு பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். படத்தை வைத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. ‘இது அம்மாவுக்கு உடம்பு தேறிய மறுநாள் எடுத்தது’ என்று சொல்லிவிட்டால் அதன்பிறகு யாராலும் படத்தைப் பார்க்க முடியாது, அம்மாவைத்தான் பார்ப்பார்கள். முதல் ஒரு நிமிடம் எல்லோரும் சும்மா பார்க்கட்டும். பிறகு ஒவ்வொருவரும் கண்டதைச் சொல்லட்டும். அதற்குப் பிறகு, எதை எடுக்க நினைத்தேன் என்று படம் எடுத்தவர் சொல்லட்டும். அவர் நினைத்ததற்கும் மற்றவர்கள் கண்டதற்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் பேசுவதற்கான விஷயம் இருக்கிறது. சில நேரம் அந்த இடைவெளி படத்துக்கு நன்மையாகவும் அமையும். எடுத்தவரே அறியாத ஒன்றை வேறொருவர் கண்டுபிடித்துத் தருவார்.

கேட்கும் விதத்தையும் மாற்றுங்கள். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் நாகரிகமான மனிதர் ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் சொல்வார். ‘எந்த இடத்தில் கண் சிக்குகிறது?’, ‘எதை மறைத்தால் படத்துக்கு ஒன்றும் குறையாது?’ என்று கேட்டுப் பாருங்கள். தடித்த அட்டையில் ‘ட’ வடிவத்தில் இரண்டு துண்டுகள் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்டின்மேல் ஒன்றை எதிர்ப்புறமாகத் திருப்பிப் பொருத்தினால் ஒரு சட்டம் கிடைக்கும். அதை நகர்த்தி நகர்த்தி, ‘இங்கே வெட்டலாம்’ என்பதைச் சொல்லாமல் காட்டிவிடலாம். வாயால் சொன்னால் அரை மணி நேரம் வாதம் ஆகும் விஷயம் அட்டையில் சட்டென்று தீர்ந்துவிடும். பிரிண்டைத் தலைகீழாகத் திருப்பி வைப்பதும் நல்ல உபாயம். முகம், கதை எல்லாம் மறைந்து, வெளிச்சமும் இருட்டும் எப்படிப் பரவியிருக்கின்றன என்பது மட்டும் தெரியும்.

நான் இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புவது தேர்வைப் பற்றி. ஒரே காட்சியில் எடுத்த இரண்டு மூன்று படங்களைக் கொண்டுபோய், எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேளுங்கள். ஒற்றைப் படத்தைக் காட்டினால் எல்லோரும் பாராட்டவோ குறைசொல்லவோ ஆயத்தமாகிறார்கள். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் ஒப்பிட்டே ஆக வேண்டும். ஒப்பிட்டால் காரணம் சொல்லியாக வேண்டும். புகைப்படக்காரர் ராபர்ட் ஃபிராங்க் 1950களின் நடுவில் அமெரிக்கா முழுவதும் சுற்றி 27,000-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். புத்தகமாக வந்தபோது அதில் இருந்தவை 83 மட்டுமே. விட்டுவிடும் திறமையும் எடுக்கும் திறமை அளவுக்குப் பெரியது. அதை நண்பர்களோடு உட்கார்ந்துதான் வேகமாகக் கற்றுக்கொள்ள முடியும்.

ஃபிராங்கைச் சொன்னதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அந்தப் புத்தகம் அமெரிக்காவில் வெளியான காலத்தில், அங்கே பெயர்பெற்ற புகைப்பட இதழ் ஒன்றில் அதைக் கடுமையாகச் சாடினார்கள். மங்கல், சாய்ந்த தொடுவானம், கலங்கலான வெளிச்சம் என்று நீண்டது குற்றப்பட்டியல். அவர்கள் கண்டதெல்லாம் படங்களில் இருக்கத்தான் செய்தது. அவை அங்கே ஏன் இருக்கின்றன என்று மட்டும் கேட்கவில்லை. உங்கள் குழுவிலும் யாராவது ‘மூன்றில் ஒரு பங்கு விதிப்படி இல்லையே’ என்று (முக்கியமானதை நடுவில் வைக்காமல் ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைக்கச் சொல்லும் விதி அது) தொடங்கினால், விதி மீறப்பட்டதால் இந்தப் படம் எதை இழந்தது என்று கேளுங்கள். பதில் வந்தால் பயனுள்ள பேச்சு. வராவிட்டால் அடுத்தவரிடம் போகலாம்.

அந்த மூத்தவரிடமும் இதே வழிதான். ‘படமே இல்லை’ என்றதும் மனம் சுருங்க வேண்டாம், ‘எந்த இடத்தில் தவறிவிட்டது, ஐயா? கொஞ்சம் காட்டுங்கள்’ என்று பிரிண்டை அவர் கையில் கொடுங்கள். இப்படிப் பேசுகிறவர்களில் பலருக்கு உண்மையாகவே கண் உண்டு. பிரித்துச் சொல்லும்படி இதுவரை யாரும் அவர்களைக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒரு புகழ்ச்சி, நடுவில் குறை, முடிவில் மீண்டும் ஒரு புகழ்ச்சி என்று அடுக்கிச் சொல்லும் முறையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கேட்பவர் ‘ஆனால்’ எப்போது வரும் என்றே காத்திருப்பார். புகழ்ச்சி காதில் ஏறாது. பாராட்டும் குறைக்கு நிகராகத் துல்லியமாக இருக்க வேண்டும். ‘நகம் வெளுத்திருப்பதைப் பிடித்தது நன்று’ என்றால், அடுத்த முறை அந்தக் கண்ணை எங்கே வைப்பது என்று உங்களுக்குத் தெரியும். ‘அருமை’ என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

காட்டும் முறையைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செய்திச் செயலியில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, நுண்மைகள் போய்விடும், கோப்பாக அனுப்புங்கள். ஆளுக்கு ஒரு போனில், ஆளுக்கு ஒரு வெளிச்ச அளவில் பார்த்துவிட்டு ‘இருட்டாக இருக்கிறது’ என்று சொல்வதில் பொருளில்லை. ஒரே திரையில் எல்லோரும் பாருங்கள். இல்லாவிட்டால் 6x8 அங்குலப் பிரிண்ட் போடுங்கள். கைக்குக் கை மாறும்போது ஆட்களும் நிதானமாகப் பார்ப்பார்கள். வீட்டில் எடுத்த படத்தைக் கோப்பாகப் பிறருக்குக் கொடுக்கும்போது அதில் இடத்தைக் குறிக்கும் தகவல் பதிந்திருக்கிறதா என்று பார்த்து நீக்கிவிடுங்கள். அம்மாவின் படத்தைக் காட்ட அம்மாவிடம் கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

இனி அந்த இளைஞர். ‘இந்த மாதிரி ஆயிரம் படம் பார்த்தாயிற்று’ என்று நீங்கள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது அந்த ஆயிரம் படங்களைப் பற்றிய பேச்சு. அவர் கொண்டுவந்த படத்தில் மேகம் எந்தப் பக்கம் கிழிந்திருந்தது, முன்னால் மரமா தண்ணீரா என்பதுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. அவரும் அதைக் கவனித்திருப்பார். படம் எடுக்கத் தொடங்கும் எல்லோரும் அந்தி வானத்திடம்தான் முதலில் போகிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கிருந்து அடுத்த அடியை எங்கே வைப்பது என்று காட்டுவதற்குத்தானே நீங்கள் ஏழு பேரும் இருக்கிறீர்கள்?

‘திரும்பி வாருங்கள்’ என்று பொதுவாக அழைத்தால் அவர் வரமாட்டார். நேரில் பார்த்தோ தொலைபேசியிலோ பேசி, அந்தப் படத்தை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். அன்று அதைச் சரியாகப் பார்க்கவில்லை என்று நேராகச் சொல்லுங்கள். உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள். கண் முதலில் போன இடம், நின்ற இடம், படத்தைவிட்டு வெளியேறிய இடம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். சூரியனைச் சுற்றி நிறம் தெறித்து வெறும் வெள்ளையாகிவிட்டதா, தொடுவானம் படத்தை இரண்டாகப் பிளக்கிறதா, முன்னால் இருக்கும் உருவம் கண்ணுக்கு ஒரு பிடிப்பைத் தருகிறதா என்று பார்த்தால் சொல்வதற்கு நிறையவே கிடைக்கும். கூடவே, அத்தனை இடங்களில் அந்த இடத்தில் ஏன் நின்றார் என்றும் கேளுங்கள். அவர் பதில் எழுதினால் அடுத்த கூட்டத்துக்கு அழையுங்கள். அன்று முதல் படமாக உங்களுடையதை வைத்து, முதலில் பேசும் வாய்ப்பை அவருக்குக் கொடுங்கள்.