வானம் பார்த்த கேள்விகள்

போன இதழில் 80 மி.மீ. விட்டமுள்ள லென்ஸையும் பி.வி.சி. குழாயையும் வைத்து நான் செய்த தொலைநோக்கியைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் பாதி, ‘மொத்தம் எவ்வளவு செலவாச்சு?’ என்பதுதான். அதற்குப் பதில் கிடையாது. என் வீட்டிலேயே இன்னும் சரியான தொகை தெரியாது. மீதிக் கேள்விகளில் லென்ஸையும் படமெடுப்பதையும் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

*பிளஸ் ஒன் பவர் மூக்குக்கண்ணாடி லென்ஸில் தொலைநோக்கி செய்தேன். சந்திரனின் பள்ளங்கள் நன்றாகத் தெரிகின்றன. போனில் படமெடுத்தால் மட்டும் ஓரமெல்லாம் ஊதாவும் மஞ்சளும். மட்டமான லென்ஸைக் கொடுத்துவிட்டார்களா?*
— தென்காசி வாசகர்

கடைக்காரரைத் திட்டாதீர்கள். நானும் கண்ணாடிக் கடைக்காரன்தான். ஒற்றை லென்ஸின் பிறவிக்குணம் அது. பிளஸ் ஒன் என்றால் குவியத்தூரம் ஒரு மீட்டர். நாங்கள் விற்கும் சாதாரண பிளாஸ்டிக் லென்ஸுக்கு (சி.ஆர். 39 என்போம்) ஆபே எண் 58. லென்ஸ் நிறங்களை எவ்வளவு பிரிக்கும் என்று சொல்லும் எண் அது; குறையக் குறைய நிறம் அதிகம் பிரியும். ஒரு மீட்டர், அதாவது ஆயிரம் மி.மீ.யை 58-ஆல் வகுத்துப் பாருங்கள், 17 வரும். நீலம் குவியும் இடத்துக்கும் சிவப்பு குவியும் இடத்துக்கும் நடுவே 17 மி.மீ. இடைவெளி, ஏறக்குறைய ஒரு விரற்கடை. எங்கே போகஸ் செய்தாலும் ஏதாவதொரு நிறம் வெளியேதான் நிற்கும். ‘உடையாத லென்ஸாகக் கொடுங்க’ என்று கேட்டு பாலிகார்பனேட் வாங்கியிருந்தால் இன்னும் மோசம். அதன் ஆபே எண் 30, இடைவெளி 33 மி.மீ.

கறுப்பு அட்டையில் 25 மி.மீ. ஓட்டை போட்டு லென்ஸின் முன்னால் ஒட்டுங்கள். வெளிச்சம் குறையும், சந்திரனுக்கு அது போதும். அப்புறம் படத்தின் பச்சை சேனலை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். உங்கள் சந்திரனா என்று உங்களுக்கே சந்தேகம் வரும்.

அதற்கு மேல் வேண்டுமென்றால் அக்ரோமேட்தான்: கிரௌன் கண்ணாடி ஒன்று, பிளின்ட் கண்ணாடி ஒன்று, ஒன்று பிரிக்கும் நிறத்தை மற்றது சேர்த்துவைக்கும் ஜோடி. 1730-களில் இங்கிலாந்தில் செஸ்டர் மூர் ஹால் என்ற வக்கீல் இதைக் கண்டுபிடித்தார். ரகசியம் வெளியே போகக்கூடாதென்று இரண்டு லென்ஸையும் இரண்டு வெவ்வேறு கடைகளில் தேய்க்கக் கொடுத்தாராம். இரண்டு கடைக்காரர்களும் வேலையை ஜார்ஜ் பாஸ் என்ற ஒரே ஆளிடம் தள்ளிவிட்டார்களாம். எங்கள் தொழில் அன்றைக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது! கடைசியில் 1758-ல் காப்புரிமை வாங்கியவர் ஜான் டாலண்ட்.

அக்ரோமேட்டிலும் ஊதா முழுசாகப் போய்விடாது. நம் கண் அதை அவ்வளவாகச் சட்டை செய்யாது, காமிரா சும்மா விடாது. அதனால் படத்துக்கென்று வாங்கும்போது குட்டையான எஃப் 5 லென்ஸுக்கு ஆசைப்படாதீர்கள் (குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் இந்த எஃப் எண்). 80 மி.மீ.க்கு எஃப் 11, அதாவது 900 மி.மீ. குவியத்தூரம் என்றால் நிம்மதி.

*80 மி.மீ. அக்ரோமேட் வாங்கிப் பொருத்தினேன். நட்சத்திரம் புள்ளியாக வராமல் முக்கோணமாக வருகிறது. லென்ஸைத் திருப்பி அனுப்பிவிடட்டுமா, சார்?*
— திண்டுக்கல், கல்லூரி மாணவி

அவசரப்படாதேம்மா. நான் அனுப்பினேன். கோபமாக ஒன்றரைப் பக்கக் கடிதமும் வைத்தேன். பத்து நாளில் அதே லென்ஸ் அதே டப்பாவில் திரும்பி வந்தது. உள்ளே ஒரு துண்டுச்சீட்டு: ‘வளையத்தைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள்.’

இரண்டு கண்ணாடிக்கும் நடுவே, விளிம்பில் மூன்று இடங்களில் மெல்லிய தகட்டுத் துண்டுகள் இருக்கும். லென்ஸைப் பிடித்திருக்கும் முன்வளையத்தை ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி இறுக்கினால் அழுத்தமெல்லாம் அந்த மூன்று இடங்களில் இறங்கும். கண்ணாடி வளையுமா என்று கேட்காதே. ஒளி வரும் பாதை அலைநீளத்தில் கால்வாசி, பச்சை ஒளிக்கு 0.00014 மி.மீ., மாறினாலே நட்சத்திரம் கெட்டுவிடும். வளையம் கண்ணாடியைத் தொடும் வரை திருகு. பிறகு ஒரு நூலளவு பின்னால் திருப்பு. லென்ஸ் கூட்டைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டினால் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் நீ சரியாகச் செய்திருக்கிறாய். குளிரில் அலுமினியக் கூடு கண்ணாடியைவிட அதிகம் சுருங்கும். கொடைக்கானலில் ஒரு டிசம்பர் இரவு, சாயங்காலம் ஒழுங்காக இருந்த லென்ஸ் விடிகாலை மூன்று மணிக்கு எனக்கு முக்கோணம் காட்டியது.

முக்கோணமாக இல்லாமல் ஒரு பக்கமாக நீண்டு தெரிந்தால் வேறு சோதனை இருக்கிறது. ஐபீஸில் (கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸில்) பார்த்துக்கொண்டே தலையைச் சாய். நீட்டமும் கூடவே திரும்பினால் குறை உன் கண்ணில். சிலிண்டர் பவர் இருக்கும், எங்கள் மாதிரி கடைக்கு வா. தலையைச் சாய்த்தும் அசையாமல் லென்ஸ் கூட்டைத் திருப்பும்போது மட்டும் திரும்பினால் லென்ஸில் குறை. அப்போது தாராளமாகத் திருப்பி அனுப்பு.

*பகலிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா? எங்கள் ஊரில் ராத்திரி மேகம் விலகுவதே இல்லை.*
— நாகர்கோவில் வாசகர்

சைக்கிள் கடையில் ஒரு பால்ரஸ் குண்டு வாங்குங்கள். கறுப்புத் துணியில் வைத்து வெயிலில் முப்பது மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். அதில் தெரியும் குட்டிச் சூரியன்தான் உங்கள் நட்சத்திரம். 6 மி.மீ. குண்டில் அந்தச் சூரியன் 0.014 மி.மீ.தான் இருக்கும். 80 மி.மீ. லென்ஸால் அதன் வட்டத்தைப் பிரித்துப் பார்க்க முடியாது, வெறும் புள்ளிதான். இவ்வளவு பக்கத்தில் இருப்பதால், 900 மி.மீ. குவியத்தூர லென்ஸென்றால் போகஸர் (ஐபீஸை முன்னும் பின்னும் நகர்த்தும் குழாய்) வழக்கத்தைவிட 28 மி.மீ. வெளியே வர வேண்டும், பதறாதீர்கள். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். தரை சூடேறினால் புள்ளி கொதிக்க ஆரம்பித்துவிடும்.

90 மடங்கு பெரிதாக்கும் ஐபீஸை வைத்து, போகஸிலிருந்து உள்ளே கொஞ்சம், வெளியே கொஞ்சம் நகர்த்துங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுக்குள் ஒன்றாக வட்ட வளையங்கள் வந்தால் சரி. வளையங்கள் ஒரு பக்கம் ஒதுங்கி முட்டை மாதிரி நின்றால் லென்ஸ் சாய்ந்திருக்கிறது. பெரும்பாலும் குழாயைக் கோணலாக அறுத்திருப்பீர்கள். பிளம்பர்கள் செய்வதுபோல அகலமான காகிதப் பட்டையைக் குழாயைச் சுற்றி, ஓரத்தோடு ஓரம் பொருந்த ஒட்டி, அந்தக் கோட்டில் அறுங்கள். பிறகு மேசைக் கண்ணாடிமேல் உப்புக்காகிதத்தை விரித்து முனையைத் தேய்த்தால் மட்டமாகிவிடும்.

ராத்திரியில் செய்வதானால் துருவ நட்சத்திரம் வேண்டாம். அது நகராது என்று புத்தகங்கள் சிபாரிசு செய்யும். உங்கள் ஊரில் அது அடிவானத்திலிருந்து எட்டு டிகிரி உயரத்தில் பனைமரத்துக்குப் பின்னால் துடித்துக்கொண்டிருக்கும். தை, மாசி முன்னிரவில் ஓரியன் பெல்ட்டின் நடு நட்சத்திரம் நமக்குக் கிட்டத்தட்ட உச்சியில் வரும். அதைப் பிடியுங்கள்.

*ஐபீஸில் தெளிவாகத் தெரிகிறது. காமிராவை மாட்டினால் போகஸே வருவதில்லை.*
— சேலம், தஞ்சாவூர், இன்னும் நான்கு பேர்

உங்கள் குழாயின் நீளம் அதிகம். கேனன் டி.எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்ஸ் மாட்டும் வாயிலிருந்து 44 மி.மீ. உள்ளேதான் சென்சார் இருக்கிறது, நிக்கானில் 46.5. காமிராவைப் போகஸரோடு இணைக்கும் டி-ரிங்கையும் சேர்த்தால் 55 மி.மீ. அவ்வளவு தூரம் பிம்பம் போகஸரைத் தாண்டி வெளியே வந்து விழ வேண்டும்.

அறுப்பதற்கு முன்னால் லென்ஸைச் சந்திரனுக்கு நேரே பிடித்து, பின்னால் ஒரு பட்டர் பேப்பரில் பிம்பத்தைப் பிடியுங்கள். 900 மி.மீ. குவியத்தூர லென்ஸில் 8 மி.மீ. சந்திரன், மிளகைவிடக் கொஞ்சம் பெரிசாக, பேப்பரில் விழும். முதல் முறை பார்த்தபோது நான் அரைமணி நேரம் அளவெடுக்கவே மறந்துபோனேன். லென்ஸிலிருந்து அதுவரை டேப்பால் அளந்து, அதில் 55 மி.மீ.யையும் போகஸரின் நீளத்தையும் கழித்து, இன்னும் மூன்று செ.மீ. குறைத்து அறுங்கள். குட்டையாகிப் போனால் நீட்டிக்கொள்ள ஒட்டுக்குழாய் இருக்கிறது.

இன்னொன்று. வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் பி.வி.சி. ஒரு மீட்டருக்கு 0.06 மி.மீ. சுருங்கும். ராத்திரி ஐந்து டிகிரி இறங்கினால் 0.3 மி.மீ.; எஃப் 11-இல் போகஸ் தவற அதுவே தாராளம். மணிக்கொரு முறை போகஸைப் பாருங்கள்.

*லென்ஸை நானே தேய்க்கலாமா?*
— கரூர்

வேண்டாம். லென்ஸுக்குப் பதில் குழிந்த கண்ணாடி வைக்கும் நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் அந்த முக்கியக் கண்ணாடிக்குத் தேய்க்க ஒரு முகம். இந்த அக்ரோமேட் ஜோடிக்கு நான்கு முகம். பொழுது போகவில்லையென்றால் ஒரு முகத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

*ஓரியன் நெபுலாவை வண்ணத்தில் எடுக்க ஆசை. சாதாரண ட்ரைபாட்தான் இருக்கிறது.*
— மதுரை வாசகி

ட்ரைபாட்டில் நடக்காதம்மா. பூமி சுழல்வதால் வானம் ஒரு விநாடிக்கு 15 ஆர்க் விநாடி நகர்கிறது (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு ஓர் ஆர்க் விநாடி). 900 மி.மீ. குவியத்தூரத்தில், இப்போதைய காமிராக்களில் ஒரு பிக்சல் கிட்டத்தட்ட ஒரு ஆர்க் விநாடி. ஒரு விநாடி திறந்து வைத்தால் நட்சத்திரம் பதினைந்து பிக்சலுக்குக் கோடு போட்டுவிடும். வானத்தோடு கூடவே தொலைநோக்கியைத் திருப்பும், மோட்டார் வைத்த ஈக்குவடோரியல் மவுண்ட் வரும்வரை சந்திரனை எடுங்கள். முழுநிலவுக்கு ஐ.எஸ்.ஓ. 100-இல் நூறில் ஒரு விநாடி போதும். பிறைக்கு அதைப் போல ஐந்தாறு மடங்கிலிருந்து ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே போங்கள். ஷட்டரைக் கையால் அமுக்காமல் இரண்டு விநாடி டைமரில் விடுங்கள். பி.வி.சி. குழாய் தொட்டால் தென்னங்கீற்று மாதிரி ஆடும்.

*மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை வந்துவிட்டது. பிரிக்கலாமா?*
— உதகை வாசகர்

பிரிக்கலாம். ஆனால் வெளியே எடுப்பதற்கு முன்னால் இரண்டு கண்ணாடியின் விளிம்பிலும் சேர்த்துப் பென்சிலால் ‘வி’ மாதிரி ஒரு குறி போடுங்கள். எது முன்பக்கம், எதற்கு எது நேர் என்று அந்தக் குறிதான் சொல்லும். தகட்டுத் துண்டுகள் மூன்றும் பத்திரம். நான் ஒன்றைத் தும்மலில் தொலைத்துவிட்டு, டார்ச் அடித்துக்கொண்டு அரை நாள் தரையில் தவழ்ந்தேன். கடைசியில் அது என் சட்டைப் பையில் இருந்தது.