சட்டைப் பையில் கிடைத்த ரசீது

கேள்வி: நான் இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். என் கணவர் இருபத்தைந்து வயதில் இங்கே வந்தவர். சம்பளம் வந்த அன்றே ஊரில் இருக்கும் தன் அக்காவுக்குப் பணம் அனுப்பிவிடுவார். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. போன வாரம் துவைக்க எடுத்த சட்டையில் நாலாக மடித்த ரசீது ஒன்று கிடைத்தது. கிரெடிட் கார்டில் கடன் எடுத்து, வழக்கத்தைப் போல மூன்று மடங்கு அனுப்பியிருக்கிறார். கேட்டால், "அக்கா வீட்டில் கஷ்டம், உனக்குப் புரியாது" என்று எழுந்து போய்விட்டார். மகளின் பல் சிகிச்சையைப் பணமில்லை என்றுதான் தள்ளிப் போட்டோம். நானும் பிள்ளையும் அவருக்கு இரண்டாம்பட்சம்தானா?

பதில்: அன்புள்ள சகோதரி, கடனைவிட அந்த "உனக்குப் புரியாது" தான் உங்களை அதிகம் சுட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

அவர் இங்கே வர யார் செலவு செய்தார்கள் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? பல வீடுகளில் ஒருவரை அனுப்ப இன்னொருவர் படிப்பை விட்டிருப்பார், கடன் பட்டிருப்பார். அந்தக் கணக்கு எந்தத் தாளிலும் இருக்காது. அதனால் தீர்ந்ததா இல்லையா என்றும் தெரியாது. பாசம், நன்றிக்கடன், நாளைக்கு வேலை போனால் திரும்பிப் போக ஓர் இடம் வேண்டுமே என்ற பயம், ஊரில் தன்னை மறந்துவிடுவார்களோ என்ற தவிப்பு எல்லாம் அந்த ஒரு ரசீதில் இருக்கலாம். லூகாஸ், ஸ்டார்க் என்ற பொருளாதார அறிஞர்கள் ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவின் குடும்பங்களை ஆராய்ந்து 1985இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வறட்சியில் இழக்க நிறைய இருந்த குடும்பங்களுக்கு, வெளியே போய் வேலை செய்தவர்கள் அந்த நேரத்தில் கூடுதலாக அனுப்பியிருந்தார்கள். உங்கள் கணவரும் ஏதோ ஒரு வறட்சிக்குத்தான் அனுப்பியிருக்கிறார். உங்களைக் குறைத்து எடைபோட்டு அல்ல.

அதற்காக மறைத்தது சரியாகிவிடாது. கார்டு வட்டி மாதாமாதம் ஏறும்.

"எவ்வளவு அனுப்பினீர்கள்?" என்று தொடங்காதீர்கள். "அக்கா வீட்டில் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள், முழுக்கக் கேளுங்கள். அப்புறம் கடனை எடுத்து வையுங்கள். மாதத் தொகை இவ்வளவு, அவசரத்துக்குத் தனியாகச் சேர்ப்பது இவ்வளவு, அதற்கு மேல் இருவரும் பேசித்தான் என்று முடிவு செய்யுங்கள். நாத்தனாரிடம் நீங்களும் பேசுங்கள். தம்பி கடன் எடுத்துத்தான் அனுப்புகிறார் என்பது அவருக்குத் தெரியாமலே இருக்கலாம்.

பல் மருத்துவரிடம் மட்டும் நாளைக்கே நேரம் வாங்கிவிடுங்கள். இந்தப் பேச்சு முடியும்வரை அது காத்திருக்க வேண்டாம்.