கணக்கில் 71: பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப்?

அன்புள்ள அம்மா, வணக்கம்.

மகள் பத்தாம் வகுப்பில் கணக்கில் 71, மற்ற நான்கிலும் 85-க்கு மேல் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் அப்பா, "பயோ-மேத்ஸ் எடுத்தால் டாக்டர், இன்ஜினியர் இரண்டு பக்கமும் போகலாம்" என்கிறார். அவளோ கம்ப்யூட்டர் படிக்கலாமா, சி.ஏ. படிக்கலாமா என்று இருக்கிறாள். உங்கள் நாத்தனார், கணக்கை விட்டால் அரசு வேலைகூடக் கிடைக்காது என்று பயமுறுத்தி வைத்திருக்கிறார். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவளை இப்போது தனியார் விடுதிப் பள்ளிக்கு மாற்றலாமா என்பது நீங்கள் கடைசியில் சேர்த்திருக்கும் கேள்வி. அதற்கு நான் சொல்லப்போகும் பதில்தான் உங்கள் வீட்டில் பெரிய விவாதத்தைக் கிளப்பும், அதனால் அதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த 71. மதிப்பெண் பட்டியலில் இருக்கும் எண்ணை வைத்து யாரும் குரூப் முடிவு செய்ய முடியாது. அந்த 71 எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். நம் மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் வடிவியல் வரைதலுக்கு 8, கிராஃபுக்கு 8, ஆக 16 மதிப்பெண் பயிற்சியாலேயே வந்துவிடும். ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை உருப்போட்டவர்கள் அதில் பெரும்பகுதியை வாங்கிவிடுவார்கள். இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண் பகுதிகள் இரண்டிலும் 14 கொடுத்து 10 எழுதச் சொல்கிறார்கள். முக்கோணவியலைத் தொடாமலே 80 வாங்குகிற பிள்ளைகள் உண்டு. அளவியலில் ஒரு கணக்கில் கூட்டல் தவறு, நேரம் போதாமல் ஒரு ஐந்து மார்க் விட்டுப்போனது என்று 71-க்கு இறங்கிய பிள்ளைகளும் உண்டு. பட்டியலில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். பிளஸ் ஒன் கணக்கு வகுப்பில் முதலாமவர் திணறுவார், இரண்டாமவர் நன்றாகவே படித்துவிடுவார்.

அதனால் இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். அவளுடைய அரையாண்டு, திருப்புதல் தேர்வு விடைத்தாள்கள் வீட்டில் இருந்தால் எடுத்து வைத்து, எந்த அத்தியாயத்தில் மதிப்பெண் போயிருக்கிறது என்று அவளையே குறிக்கச் சொல்லுங்கள். அளவியல், புள்ளியியல், வடிவியல் தேற்றம் என்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். உறவுகளும் சார்புகளும், இயற்கணிதம், முக்கோணவியல், ஆயத்தொலை வடிவியல் இந்த நான்கில் போயிருந்தால் நின்று யோசிக்க வேண்டும். பிளஸ் ஒன் கணக்கு இந்த நான்கின் மேல்தான் நிற்கிறது. அங்கே வரைதலுக்கென்று தனியாக 16 மதிப்பெண் கிடையாது. பிளஸ் டூ எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண். அதில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 20 போக மீதி 70-ம் போட்டுக் காட்ட வேண்டிய கணக்குகள். பாடத்தின் 12 அத்தியாயங்களில் 4 நுண்கணிதம்.

அப்புறம் இன்னொன்று. பக்கத்து வீட்டிலோ சொந்தத்திலோ பிளஸ் ஒன் முடித்த பிள்ளையிடம் கணக்குப் புத்தகத்தின் முதல் தொகுதியை வாங்கி, முதல் அத்தியாயத்தில் ஒரு பயிற்சியை உட்கார்ந்து போடச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டைப் பார்த்துக்கொள்ளலாம், கைடு மட்டும் கூடாது. விடை சரியா தப்பா என்பதைவிட, எண்கள் மாறிவந்த கணக்கை அவளாகத் தொடங்குகிறாளா, தொடங்க முடியாமல் எடுத்துக்காட்டையே திரும்பத் திரும்பப் பார்க்கிறாளா என்று கவனியுங்கள். இதைப் பார்க்க உங்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் பயோ-மேத்ஸ். என் அனுபவத்தில் தமிழ்நாட்டில் யோசிக்காமல் எடுக்கப்படும் குரூப் இதுதான். கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் கனமான பாடங்கள். நீட் தேர்வுக்குக் கணக்குத் தாளே கிடையாது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலிருந்துதான் 180 கேள்விகளும். பொறியியல் கலந்தாய்வுக்கு உயிரியல் மதிப்பெண் சேராது. ஆக, எந்தப் பக்கம் போனாலும் ஒரு பாடம் வீண் சுமை. டாக்டருக்கா இன்ஜினியரிங்குக்கா என்று உண்மையிலேயே முடிவு செய்ய முடியாமல், இரண்டு பாடத்திலும் ஆர்வமும் வலுவும் உள்ள பிள்ளைக்கு அந்தச் சுமை தகும். உங்கள் மகள் நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தில் ஓரிடத்தில்கூட மருத்துவத்தைப் பற்றிப் பேசவில்லை. பேசுவது அவள் அப்பா மட்டும்தான். அவளுக்கு இந்தக் குரூப் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

கணக்கே வேண்டாமென்று ப்யூர் சயின்ஸ் எடுக்கலாமா என்றும் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். பிளஸ் ஒன் இயற்பியலின் இரண்டாவது அலகிலேயே வெக்டரும் வகையிடலும் வந்துவிடும். கணக்குக்குப் பயந்து அங்கே போனவர்களை அது விடுவதில்லை. மருத்துவம், செவிலியம், வேளாண்மை, உயிர் அறிவியல் படிப்புகளில் விருப்பம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் பார்க்கலாம். இவளுக்கு இல்லை.

கம்ப்யூட்டர் என்று அவள் சொல்வதை அவளிடமே இன்னும் கொஞ்சம் விசாரியுங்கள். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்றால் கணக்கு, இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் குரூப். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளுக்கான கலந்தாய்வில் கட்-ஆஃப் 200-க்கு. கணக்கு மதிப்பெண் முழுதாகச் சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. மூன்றிலும் சேர்த்து 230 வாங்கிய இருவரைப் பாருங்கள். கணக்கில் 90, மற்ற இரண்டில் 70, 70 என்றால் கட்-ஆஃப் 160. கணக்கில் 60, மற்ற இரண்டில் 85, 85 என்றால் 145. மொத்தம் ஒன்றுதான், கட்-ஆஃபில் 15 வித்தியாசம். கம்ப்யூட்டர் சயின்ஸ் போலப் போட்டி அதிகமான பிரிவில் அந்த 15 எந்தக் கல்லூரி என்பதையே மாற்றிவிடும். மற்ற பாடங்களில் 85 எடுத்துக் கணக்கில் பின்தங்கும் பிள்ளைக்கு இந்தச் சூத்திரம் சாதகமானதில்லை. சேர்ந்த பிறகும் முதலாண்டில் கணக்குத் தாள்கள் காத்திருக்கும். பொறியியல் மாணவர்களின் முதல் அரியர் எதில் என்று அங்கே படிக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

ஆனால் கம்ப்யூட்டர் துறைக்குப் பி.இ. ஒன்றுதான் வாசல் என்பதில்லை. பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டும் இருக்கின்றன. இவற்றில் கணக்கு, வணிகக் கணிதம், கணினிப் பாடம் ஆகியவற்றில் எதை ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். அவள் சேர நினைக்கும் கல்லூரிகளின் இந்த ஆண்டு விவரக் குறிப்பேட்டை எடுத்து வரிக்கு வரி படியுங்கள். பி.காம். முடித்து எம்.சி.ஏ. போகலாம் என்ற எண்ணம் இருந்தால், பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணக்கு படித்திருக்க வேண்டும் என்று கல்லூரிகள் கேட்கக்கூடும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சி.ஏ. ஆசைக்கு வருவோம். இங்கேதான் பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒரு பாடம் இருக்கிறது: வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல். காமர்ஸ் என்றால் கணக்கு முடிந்தது என்று நினைக்கிறார்கள். அணிகள், தொகையிடல், வகைக்கெழுச் சமன்பாடு எல்லாம் இதிலும் உண்டு. கூடவே தவணைத் தொகைகள், பங்குகள், நிகழ்தகவு, ஒட்டுறவு, சரக்கை எந்த வழியில் அனுப்பினால் செலவு குறையும் என்கிற போக்குவரத்துக் கணக்கு என்று, எதற்காகப் படிக்கிறோம் என்பது தெரிகிற மாதிரியான பகுதிகள் நிறைய. முழுக் கணக்குக்கும் கணக்கே இல்லாததற்கும் நடுவில் ஒரு நல்ல படி இது. சி.ஏ. சேரப் பிளஸ் டூவில் கணக்கு கட்டாயமில்லை. ஆனால் சி.ஏ.வின் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷனின் நான்கு தாள்களில் ஒன்று வணிகக் கணிதம், தர்க்கம், புள்ளியியல் சேர்ந்த 100 மதிப்பெண் தாள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். இரண்டு ஆண்டு வணிகக் கணிதம் படித்தவளுக்கு அது பழகிய இடம். படிக்காதவர்கள் கோச்சிங்கில் சில மாதத்துக்குள் அத்தனையையும் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. எல்லாப் பள்ளிகளிலும் வணிகக் கணிதக் குரூப் இருக்காது. வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் மூன்றோடு நான்காவதாகக் கணினிப் பயன்பாடுகள் மட்டும் தருகிற பள்ளிகள் நிறைய. "காமர்ஸ் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் "இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். நான்காவது பாடம் என்ன, வணிகக் கணிதத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

உங்கள் பட்டியலில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியும் இருக்கிறது. அங்கே பதினொன்றாம் வகுப்பில் கணிதம், பயன்பாட்டுக் கணிதம் என்று இரண்டு தனிப் பாடங்கள். வணிகம், மேலாண்மை பக்கம் போகிறவர்களுக்கு இரண்டாவது பொருந்தும். பொறியியல் என்ற எண்ணம் துளி இருந்தாலும் முதலாவதைத்தான் எடுக்க வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்திலிருந்து அங்கே மாறும் பிள்ளைக்குப் பழகவே சில மாதம் பிடிக்கும். காரணமில்லாமல் மாற்ற வேண்டாம்.

நாத்தனார் சொன்னதற்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 25 திறனறிவும் மனக்கணக்கும், அதுவும் பத்தாம் வகுப்புத் தரத்தில். வங்கித் தேர்வுகளிலும் சதவீதம், வட்டி, விகிதம்தான். நுண்கணிதம் கேட்பதில்லை. கணக்கை விட்டால் உண்மையில் அடைபடுபவை வேறு: பி.இ., பி.ஆர்க்., வணிகக் கப்பல் துறை, விமானி போன்றவை. ராணுவத்துக்கான என்.டி.ஏ. எழுத்துத் தேர்விலும் 300 மதிப்பெண் கணக்குத் தாள் உண்டு. இவற்றில் எதுவும் அவள் மனதில் இல்லையென்றால் அத்தையின் பயத்துக்காக இரண்டு வருடம் கஷ்டப்பட வேண்டியதில்லை.

இப்போது பள்ளி மாற்றம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்தில் 2020 முதல், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதல். அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்பவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இது தவிர, கல்லூரி போகும் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். அதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை என்பதே நிபந்தனை. ஐந்து வருடம் அரசுப் பள்ளியில் படித்தவளை இந்த இரண்டு வருடத்துக்காக வெளியே எடுத்தால் இவ்வளவும் போய்விடும், கூடவே விடுதிக் கட்டணம் உங்கள் கையிலிருந்து. நுழைவுத் தேர்வுப் பயிற்சியையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லும் பள்ளிகள் இதைப் பற்றிப் பேச மாட்டா. இப்போதைய பள்ளியில் அவளுக்கு வேண்டிய குரூப் இல்லையென்றால் பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியைத்தான் முதலில் பாருங்கள். பஸ் வசதி இருந்தால் போதும்.

என் யோசனை என்ன என்று கேட்டால்: விடைத்தாள் சோதனையில் இயற்கணிதமும் முக்கோணவியலும் தேறி, அவளும் "பி.இ.தான்" என்று சொன்னால் கணினி அறிவியல் குரூப். மற்றபடி வணிகக் கணிதத்தோடு காமர்ஸ். சி.ஏ. வழியும், விதிமுறை பார்த்துக்கொண்டால் பி.சி.ஏ. வழியும் அதில் திறந்தே இருக்கும். எனக்கு இரண்டாவதன் பக்கம்தான் சாய்வு, முடிவு அவளுடையது.

கணினி அறிவியல் குரூப் எடுத்தால் பதினொன்றாம் வகுப்புக்கு இப்போது பொதுத்தேர்வு இல்லையே என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது. பிளஸ் டூவின் நுண்கணிதம் முழுக்கப் பிளஸ் ஒன்னின் எல்லை, வகையிடல், தொகையிடல் அத்தியாயங்களின் தொடர்ச்சி. எந்தக் குரூப் எடுத்தாலும் முதல் மாதத்தில் வரும் தேர்வுத் தாள்களைப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் அப்போதே தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். இடம் காலியாக இருந்தால் தொடக்க வாரங்களில் மாற்றித் தருவார்கள். காலாண்டுத் தேர்வு தாண்டிவிட்டால் புதுப் பாடங்களில் விட்டுப்போனதைப் பிடிப்பது அவளுக்குச் சிரமம்.

விடைத்தாள்களைப் பார்த்த பிறகு, எந்தெந்த அத்தியாயத்தில் எவ்வளவு போயிருக்கிறது என்று அவள் கையாலேயே எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவள் அப்பாவும் அதைப் படித்துவிட்டு ஒரு வரி எழுதினால் நல்லது.