பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்கு நாவலும் கவிதையும் எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் மாநிலப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் பதிப்பகங்கள், பேராசிரியர்களின் ஆய்வு நூல்களை அச்சிடுவதைத் தாண்டி ஏதேனும் செய்திருக்கின்றனவா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: செய்திருக்கின்றன. பேட்டன் ரூஜ் நகரில் 1935-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட லூசியானா மாநிலப் பல்கலைக்கழகப் பதிப்பகம் நல்ல உதாரணம். தெற்கு மாநிலங்களின் வரலாறும் உள்நாட்டுப் போரும்தான் அதன் ஆதாரத் துறைகள். கையெழுத்துப் படியை வெளி அறிஞர்களின் மதிப்பீட்டுக்கு அனுப்பி, அதன்பின் ஆசிரியர் குழுவின் ஒப்புதலையும் பெறுவது இத்தகைய பதிப்பகங்களின் வழக்கம். தாமதமானாலும் தரத்தைக் காப்பது அதுவே.

ஆயினும் லூசியானா பதிப்பகத்துக்குப் பெரும்புகழ் தேடித்தந்தது ஒரு நகைச்சுவை நாவல். நியூ ஆர்லியன்ஸ்காரரான ஜான் கென்னடி டூல் 1969-இல் இறந்தபின், பதிப்பாளர்கள் ஏற்க மறுத்த அவருடைய நாவலின் மை படர்ந்து மங்கிய கார்பன் படியை எடுத்துக்கொண்டு, அவருடைய தாயார் தெல்மா டூல், நாவலாசிரியர் வாக்கர் பெர்சியை விடாமல் அணுகினார். பெர்சி வேண்டாவெறுப்பாக வாசிக்கத் தொடங்கிப் பின்னர் வியந்துபோனார். அவருடைய பரிந்துரையால் இப்பதிப்பகம் 1980-இல் அதை வெளியிட்டது. மறு ஆண்டே அமெரிக்காவின் பெருமைமிக்க விருதான புலிட்சர் பரிசு அதற்குக் கிடைத்தது. வணிகப் பதிப்பகங்கள் கைவிட்டதை அரசுப் பணத்தில் இயங்கும் நிறுவனம் துணிந்து அச்சிட்டது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கவிதையிலும் ஹென்றி டெய்லர் (1986), லிசல் முல்லர் (1997), கிளாடியா எமர்சன் (2006) ஆகியோரின் தொகுப்புகள் அதே பரிசை இப்பதிப்பகத்துக்குக் கொண்டுவந்தன. கவிதை நூல்கள் விற்றுப் பணம் சேர்வது எங்கும் அரிது. ஆகவே மானியம் இல்லாமல் இந்தப் பட்டியல் உருவாகியிருக்காது.