லென்ஸுக்கு முன்னால் செய்ய வேண்டியது

அன்புள்ள ஐயா,

பொறியியல் கடைசி வருடம் படிக்கிறேன். பறவைகளைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டு வருகிறேன். கானுயிர் ஒளிப்பதிவாளர் ஆகி, டிஸ்கவரி மாதிரி சேனல்களில் என் படம் வர வேண்டும் என்று ஆசை. கடன் வாங்கியாவது 600 எம்எம் லென்ஸ் ஒன்று வாங்கிவிடலாமா? வீட்டில், “இதெல்லாம் ஒரு பிழைப்பா?” என்கிறார்கள். நம் ஊரிலிருந்து யாராவது இதில் ஜெயித்திருக்கிறார்களா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

கடன் வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்னையைச் சேர்ந்த சேகர் தத்தாத்ரி ஜெயித்தவர். 13 வயதில் பாம்புப் பண்ணைக்குத் தொண்டராகப் போனார். அங்கே, அந்தப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகரும் பாம்பு பிடிப்பதில் தேர்ந்த பழங்குடியினரான இருளர்களும்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். எலி வளை வாயில் மண் லேசாக வழவழப்பாக இருப்பதைப் பார்த்தே உள்ளே பாம்பு இருக்கிறதா என்று சொல்லக்கூடியவர்கள் இருளர்கள். அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி விட்டேகரோடு சேர்ந்து எடுத்த படம்தான் அவருடைய தொடக்கம். அதற்குத் தேசிய விருது கிடைத்தது.

அந்தக் காலத்து 16 எம்எம் ஃபிலிமில் 400 அடிச் சுருள் பதினொரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். விலங்கு அடுத்து என்ன செய்யும் என்று தெரியாதவர் பொத்தானை அமுக்கினால் காசு கரைவதுதான் மிச்சம். இன்று மெமரி கார்டு மலிவு, ஆனால் தெரிய வேண்டியது அதேதான்.

பிறகு அவர் வெளிநாட்டுச் சேனல்களுக்கும் படம் செய்தார். நீங்கள் ஆசைப்படும் இடம் அது. 2000ஐ ஒட்டி அந்தப் பாதையிலிருந்து விலகி, காட்டைக் காப்பாற்றுவதற்காக மட்டுமே படம் எடுப்பது என்று திரும்பினார். கர்நாடகத்தின் குதிரேமுகத்தில் தேசியப் பூங்காவுக்குள்ளேயே இரும்புத்தாதுச் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டும் மழையில் வெட்டிய மலைமண் கரைந்து பத்ரா நதியில் இறங்கியது. அதைக் காட்டி 2001இல் அவர் எடுத்த படம் கால் மணி நேரம்கூட ஓடாது. சுரங்கத்தை நிறுத்தக் கோரி ‘வைல்ட்லைஃப் ஃபர்ஸ்ட்’ அமைப்பினர் நடத்திய போராட்டத்துக்கு அது பெரிய பலமாக இருந்தது. 2002இல் உச்ச நீதிமன்றம் சுரங்கத்துக்குக் கெடு வைத்தது, 2005 முடிவோடு வேலை நின்றது. படம் மட்டுமே இதைச் சாதித்ததாகச் சொல்ல மாட்டேன், வழக்கு நடத்தியவர்களின் உழைப்பு பெரிது. ஆனாலும் பல நாடுகளில் ஓடிய படங்களைவிட இந்தச் சின்னப் படத்தைத்தான் நான் மேலாக மதிக்கிறேன். யார் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே தெரிந்து எடுத்த படம் இது.

சரி, உங்கள் விஷயம். கோவையில் சிங்காநல்லூர் குளம் இருக்கிறது. கையில் இருக்கும் கேமராவோடு ஒரு வருடம் அங்கேயே போய்வாருங்கள். முக்குளிப்பான் என்ற சின்ன நீர்ப்பறவையைக் கவனியுங்கள். கூட்டைவிட்டு இறங்கும்முன் அது நீர்ச்செடிகளை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போகும். நீங்கள் நெருங்கிப் போய் அதை விரட்டினால் மூட நேரம் இருக்காது, காக்கைக்கு முட்டை பளிச்சென்று தெரிந்துவிடும். அதனால் எட்டியே நில்லுங்கள். அந்தப் பறவை கூடு கட்டுவதிலிருந்து குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துவது வரை தொடர்ச்சியாக எடுக்க முடிந்தால் உங்களிடம் ஒரு படம் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் போடுகிற தனிப் புகைப்படங்கள் இந்தப் பயிற்சியைத் தராது. எடுத்ததை முதலில் குளத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். அங்கே குப்பை கொட்டுகிறவர்களும் அதைத் தடுக்கக்கூடியவர்களும் அவர்களுக்குள்தான் இருக்கிறார்கள்.

வீட்டில் கேட்பதும் நியாயமான கேள்விதான். இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது, படத்துக்குப் படம் இடைவெளி நீளும். பட்டத்தை முடியுங்கள், ஒரு வேலையில் சேருங்கள், சனி ஞாயிறுகளைக் குளத்துக்குக் கொடுங்கள். நல்ல லென்ஸ் வாடகைக்கே கிடைக்கிறது. முக்குளிப்பான் படம் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.