வாசனை திரும்பிய பிறகு மல்லிகை ஏன் அதிகமாக மணக்கிறது?

கொரோனாவில் போன வாசனை திரும்பியதும் மல்லிகை முன்னைவிட அதிகமாக மணப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பூ மாறவில்லை, அந்த மணத்துக்கு உங்களுக்கிருந்த பழக்கம் இடைவெளியில் கலைந்திருக்கலாம். ஒரே மணம் தொடர்ந்து வந்தால் மூக்கும் மூளையும் அதைக் கவனிப்பதைக் குறைத்துக்கொள்ளும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் நுழைந்ததும் ஆளைத் தூக்கும் மணம் சற்று நேரத்தில் மங்கிவிடுவது அதனால்தான்.

2021-இல் எனக்கும் மூன்று மாதம் மூக்கு செத்துக் கிடந்தது. ருசியில் பெரும்பங்கு, மெல்லும்போது தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணம்தான். அது இல்லாதபோது காபி வெறும் கசப்பு வெந்நீர். கறிதோசையில் உப்பும் உறைப்பும் மட்டும். ஜிகர்தண்டா மட்டும் சில்லென்று, இனிப்பாகத் தப்பித்தது.

எனக்கு முதலில் திரும்பியது மல்லிகூட இல்லை, பக்கத்து வீட்டில் கருகிய வெங்காயம். அடுப்பை அணைக்கச் சொல்லாமல் ஜன்னலோரமாகப் போய் நின்றுகொண்டேன்.